கஞ்சிப்பாசி எந்த இராச்சியம்?

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பேரைப் பெற்று, ஏழு பேரையும் ஆளாக்கினேன். ஒருவருக்காவது ஒருவேளைச் சோறு பிந்தியதில்லை. இதை எவர் முன்னாலும் நிமிர்ந்து நின்று சொல்லுவேன். பள்ளிக்கூடத்தில் மட்டும் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. நான் எழுதுவது கோழி மண்ணைக் கிளறியது போலத்தான் இருக்கும். என் பேத்தி டிலானி அதைப் பார்த்து, எழுத்துத் திருத்தி, நல்ல தாளில் எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள்.

போன கிழமை எங்கள் வளவுக் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தக் கிணற்றின் உட்சுவர் முழுக்க முருகைக்கல். கடலுக்குள் விளைகிற வெள்ளைக் கல். அதை நான் கல் என்றுதான் எழுதினேன். அது பிழையாம். ஒரு மத்தியானம், விறாந்தையில் வைத்து, அந்தப் பிழை பிடிபட்டது. அதோடு இன்னொரு பெரிய பிழையும் பிடிபட்டது.

ஆறு வட்டங்கள்

வாடைக்காற்று ஓய்ந்திருந்தது. பாஸ்காத் திருநாளுக்கு முந்தின எங்கள் நாற்பது நாள் தபசு காலம் தொடங்கி இரண்டாம் கிழமை. பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் நோன்பும் தொடங்கியிருந்தது. இந்த வருடம் இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்துவிட்டன.

நான் சுளகை மடியில் வைத்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தேன். டிலானி ஏஎல் வகுப்பில் உயிரியல் படிக்கிறவள். பாடசாலைக் கண்காட்சிக்காக ஒரு பெரிய பிறிஸ்டல் போட் அட்டையை நிலத்தில் விரித்திருந்தாள். அது சுருளாமல் இருக்க ஒரு மூலையில் உப்புப் போத்தல், ஒரு மூலையில் அவளுடைய அப்பாவின் ஓட்டோத் திறப்புக் கொத்து, மற்ற இரண்டிலும் தேங்காய்ப் பாதி.

அட்டையில் ஆறு வட்டம் கீறியிருந்தாள். வெட்டின படங்கள் பாயில் காயப்போட்ட நெத்தலி போலச் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கோதுமைப் பசை தடவி ஒரு வட்டத்துக்குள் ஒட்டினாள்.

எனக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. நானும் வாழ்நாள் முழுக்கப் பிரித்தவள்தான். கரைவலை இழுத்துக் கொட்டினால் சூடை ஒரு கும்பம், திருக்கை ஒரு கும்பம், நண்டு ஒரு கும்பம். கண்ணை மூடிக்கொண்டும் பிரிப்பேன். விரலுக்குத் தெரியும்.

இவளோ நான் பிரிக்கிற எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் போட்டாள். மீனும் நண்டும் ஆடும் வண்ணத்துப்பூச்சியும் ஒன்றாக.

"என்ன பிள்ளை, கலந்து கொட்டுறாய்?"

"இது விலங்கு இராச்சியம், அப்பம்மா. நீங்களும் இதுக்குள்ளைதான்."

"என்ன, திருக்கையோடையோ?"

"ஓம். படலையிலை நிக்கிற கழுதையோடையும்."

வேலிப் படலையடியில் உண்மையாகவே ஒரு கழுதை நின்று, வெறும் காற்றை மென்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

இராச்சியம் என்றால் எனக்குச் செபத்தில் வருகிற ஒன்றைத்தான் தெரியும். உலகத்தில் உள்ள உயிர்களை எல்லாம் படித்தவர்கள் இப்படி இராச்சியம் இராச்சியமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். முதலில் இரண்டே இரண்டுதானாம், தாவரமும் விலங்கும். பிறகு நுணுக்குக்காட்டி வந்து, கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியத் தொடங்க, இரண்டுக்குள் அடங்கவில்லையாம். வட்டம் கூடிக்கொண்டே போனதாம்.

பூஞ்சணத்துக்குத் தனி வட்டம். மழைக்கு முளைக்கிற காளானும் அதற்குள்தான். எங்கள் கருவாட்டில் சில வேளை இளஞ்சிவப்பாய் ஒன்று படரும். அதைத் தேய்த்துக் கழுவியே என் கை காய்த்துப்போனது. அதுவும் ஓர் உயிராம், உப்புக்குள்ளேயே வாழுமாம். அதற்கும் ஒரு வட்டம். இத்தனை காலம் நான் அதை அழுக்கென்று ஏசியிருக்கிறேன்.

பிறகு முருகைக்கல்லை எடுத்து விலங்குகளோடு ஒட்டினாள்.

"அது கல்லடி!"

"இல்லை அப்பம்மா. சின்னச் சின்னப் பூச்சி மாதிரி உயிர் கட்டின வீடு. கோடிக்கணக்கிலை."

நான் எழும்பிப் போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் என் முகம் அசைந்தது. சுற்றிவர வெள்ளை வெள்ளையாய்க் குழி விழுந்த சுவர். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த அறை. நான் மருமகளாக வந்த நாளில் இருந்து இத்தனை பேருக்கு நடுவிலா தண்ணீர் அள்ளினேன்? கயிற்றை மெதுவாக விட்டேன். இடித்துவிடக் கூடாதே என்று.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு சிவந்த பாசிக் கொத்தின் படம். அதை மரஞ்செடிகளோடும் ஒட்டவில்லை, மீன்களோடும் ஒட்டவில்லை. வேறொரு வட்டத்தில் வைத்து அழுத்தினாள்.

முருங்கை இலை உருவின என் கை நின்றுவிட்டது. அது கஞ்சிப்பாசி.

பாதிக் கால்

எங்கள் ஊருக்கும் பக்கத்து முஸ்லிம் ஊருக்கும் இடையில் பரவைக்கடல் கிடக்கிறது. எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. காற்றில்லாத காலையில் கடலும் வானமும் ஒரே நிறமாகிவிடும். தூரத்தில் குனிந்து நிற்கிற பெண்கள் வானத்தில் எதையோ பொறுக்குகிறது போலத் தெரியும். நாங்கள் பொறுக்கினது கஞ்சிப்பாசி. நடக்கும்போது அது காலைச் சுற்றும், தலைமுடி போல.

அங்கேதான் ரஹீமாவைப் பழக்கம். என் வயதுக்காரி. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் தலைப்பிள்ளை பெற்றவர்கள். அவள் பாடிக்கொண்டே பாசி பொறுக்குவாள். நான் எதிர்ப்பாட்டுப் பாடுவேன்.

என் நாலாவது மகன் அருளுக்கு மூன்று வயது இருக்கும். மார்கழிக் குளிரில் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் தூக்கி நிறுத்தினேன். இடது கால் ஈரத்துணி போலத் தொங்கியது.

ஆசுபத்திரியில் போலியோ என்று ஒரு சொல் சொன்னார்கள். அந்தச் சொல்லை வைத்து நான் என்ன செய்ய? மடு மாதா கோயில் அம்மாவிடம் நேர்த்தி வைத்தேன். தபசு நாற்பது நாளும் மச்சம் தொடமாட்டேன், என் பிள்ளை நடக்கவேண்டும். மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் மச்சம் என்போம். மீன்பிடிக்கிற வீட்டில் நாற்பது நாள் மீன் இல்லாமல் இருப்பது என்றால் என்னவென்று எங்கள் பெண்களுக்குத் தெரியும். அடுப்பில் குழம்பு கொதிக்கும். கையால் ஆக்கிப் பரிமாறிவிட்டு வெறுஞ்சோற்றோடு உட்காரவேண்டும். அப்போது என் இடுப்பில் ஐந்தாவது பிள்ளை, பால்குடி.

ஐந்தாம் கிழமை எனக்குக் கண் இருட்டத் தொடங்கியது. எப்படிக் கேள்விப்பட்டாளோ, ரஹீமா வந்தாள். சீலைத் தலைப்புக்குள் ஒரு எனாமல் கோப்பை. கஞ்சிப்பாசியை நாலைந்து நாள் நன்னீரில் அலசி அலசி வெயிலில் போட்டால் கத்தரிப்பூ நிறம் போய் வெள்ளை வெளேரென்று வரும். அதைக் காய்ச்சி, வடித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் ஏலமும் போட்டு உறையவைத்துக் கொண்டுவந்திருந்தாள். தொட்டால் நடுங்கியது.

"திண்ணடி. இதிலை மீனுமில்லை இறைச்சியுமில்லை. செடிதானே. திண்டுபோட்டுப் பிள்ளைக்குப் பால் குடு."

கிணற்றடியில் குந்தியிருந்து தின்றேன். அந்தக் குளிர்ச்சி தொண்டையால் இறங்கினது இன்றைக்கும் தெரிகிறது. கோப்பையை வழித்தும் நக்கினேன்.

நிமிர்ந்தால் மாமி, என் மனுசனின் தாய், நிற்கிறா.

"என்னடி திண்டனீ?"

"பாசி, மாமி."

"கடலுக்குள்ளை கிடந்தது மச்சமில்லாமல் பிறகென்ன? மரக்கறித் தோட்டத்திலையோ புடுங்கினவள்?"

மாமி கெட்டவ இல்லை. அவவுக்கு உலகத்தில் இரண்டே இரண்டு வட்டம். கரையில் வளருவது மரக்கறி, கடலில் வருவது மச்சம். மூன்று பக்கமும் கடலைப் பார்த்து வளர்ந்த பெண். வேறு எப்படிப் பிரிப்பா?

பாஸ்காவுக்கு முந்தின கிழமை அருள் கதவு நிலையைப் பிடித்து எழும்பினான். நடந்தான். இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். நான் அழுதுகொண்டு ஓடிப்போய்த் தூக்கினேன். மாமி வாசலில் நின்று பார்த்தா. பிறகு மெதுவாகத்தான் சொன்னா.

"நீ பாதி நேர்த்தி குடுத்தாய். அம்மா பாதிக் கால் தந்திருக்கிறா."

கவிழ்த்த கோப்பை

அந்த வார்த்தை எனக்குள் இறங்கி அங்கேயே குடியிருந்துவிட்டது. என்னால் என்னைக் குற்றம் சொல்ல முடியவில்லை. நான் அப்படிப் பழகினவள் இல்லை. அதனால் ரஹீமாவைக் குற்றம் சொன்னேன்.

பரவைக்கடலில், இரண்டு ஊர்ப் பெண்களும் நிற்க, சத்தமாகவே சொன்னேன். "உன்ர பாசியாலைதான் என்ர பிள்ளையின்ர கால் போனது!"

அவள் விசயத்தைக் கேட்டாள். பிறகு, அவளுடைய வாய் சும்மா இருக்குமா? "கடலிலை வந்ததெல்லாம் மச்சமெண்டா, உப்பு? உன்ர மாமி உப்பில்லாமலோ கஞ்சி குடிச்சவ?"

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களும்தான். முழங்கால் தண்ணீரில் நின்ற எனக்குக் கழுத்து வரைக்கும் ஏறினது போல இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பலகாரம் வந்த கோப்பையை ஒருவரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சீனியாவது போடுவோம். அன்று பின்னேரமே நான் ரஹீமா வீட்டுக்கு நடந்து போய், அவளுடைய எனாமல் கோப்பையை வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பதினைந்து, பதினாறு வருடம் அப்படியே போனது. அதே தண்ணீரில் பாசி பொறுக்கினோம். அவள் பாட்டு கேட்கும். நான் எதிர்ப்பாட்டுப் பாடவில்லை.

பிறகு சண்டைக் காலத்தில் ஒரு நாள், துப்பாக்கியோடு வந்தவர்கள் அந்த முஸ்லிம் ஊர்ச் சனம் முழுவதையும் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். கையில் தூக்கக் கூடியதைத் தூக்கிக்கொண்டு, எங்கள் வேலியோரமாகக் கடற்கரைக்கு நடந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் சனத்தில் சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் கையைப் பிடித்து அழுதார்கள். நான் கிடுகு வேலிக்கு உள்ளே நின்றேன். ஓட்டை வழியாக ரஹீமாவைக் கண்டேன். தையல் மெசினின் தலையைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு, பின்னால் நாலு பிள்ளைகள். கூப்பிட வாய் உன்னியது. கோப்பை நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு எங்களுக்கும் ஓடவேண்டி வந்தது. நறுவிலிக்குளத்தில் ஒரு வயல் கொட்டிலில் இருந்தோம். அந்தக் கதை இன்னொன்று. எல்லாம் ஓய்ந்து, அவர்களும் புத்தளத்தில் இருந்து திரும்பி வந்தார்கள். ரஹீமாவும் வந்தாள். மன்னார் பஸ் நிலையத்தில் ஒருமுறை கண்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். நான் கொய்யாப்பழக் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பி, வேண்டாத பழத்துக்கு விலை கேட்டேன்.

இந்த ஐம்பது வருடத்தையும் வைத்துக்கொண்டுதான் அந்த மத்தியானம் விறாந்தையில் இருந்தேன்.

வட்டத்துக்கு வெளியே

"அதை ஏன் அங்கை ஒட்டினனீ?"

"கஞ்சிப்பாசியோ? அது அல்கா, அப்பம்மா. புரொட்டிஸ்டா இராச்சியம்."

"அப்ப மச்சமில்லையோ?"

"மச்சமுமில்லை, மரக்கறியுமில்லை. சில புத்தகத்திலை தாவரத்தோடை சேர்க்கினம். விஞ்ஞானிகளுக்குள்ளையே இன்னும் சண்டைதான். ஆனா விலங்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும் இல்லை. ஏன் அப்பம்மா கேக்கிறீங்கள்?"

சொன்னேன். என் பிள்ளைகள் ஒருவருக்கும் சொல்லாததை அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அவள் அருளின் மகள். அவளுக்குக் கேட்க உரிமை உண்டு. பசை விரல்களில் காய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாட காலை எடுத்தது பாசியில்லை அப்பம்மா, வைரஸ். போன நரம்பு திரும்பி வராது. அப்பா எழும்பி நடந்ததே பெரிய விசயம். அது பாதியில்லை."

"அதைக் காட்டு. அது எந்த வட்டம்?"

"ஒண்டிலையும் இல்லை." விரலை வட்டங்களுக்கு வெளியே, வெள்ளைக் கரையில் வைத்தாள். "தனியக் கிடந்தா சும்மா தூசி மாதிரி. இன்னொரு உயிருக்குள்ளை போனாத்தான் பெருகும். அதை உயிரெண்டும் சொல்ல ஏலாமல் வெளியிலை விட்டிருக்கினம்."

அந்த வெள்ளைக் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பது வருடமாக நான் ரஹீமாவின் கோப்பைக்குள் தேடினது அங்கே கிடந்தது.

மாமியை நினைத்தேன். அவவுக்கும் இரண்டு வட்டம்தான், பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் முதலில் இரண்டு வட்டம்தான். அவர்கள் கீறிக் கீறித் திருத்திக்கொண்டு போனார்கள். நான் மட்டும் ஒன்றையும் அழிக்கவில்லை.

நோன்பு திறக்கிற நேரம்

பேசாலையில் இருக்கிற என் தங்கச்சியிடம் கஞ்சிப்பாசி கேட்டு எடுத்தேன். என் கையாலேயே அலசி வெயிலில் போட்டேன். ஐந்தாம் நாள் வெளுத்தது. ஒரு கோப்பை நிறைய எடுத்துத் துணியால் மூடிக் கட்டினேன்.

அருள்தான் ஓட்டோவில் கூட்டிப்போனான். வழியில் அவனுக்கும் சொன்னேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மா, என்னோடை படிச்சவங்களிலை கனபேரை இண்டைக்குச் சுவரிலை தொங்குற படத்திலைதான் பாக்கலாம். இந்தக் காலைப் பாத்துத்தான் என்னை ஒருத்தரும் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. நீங்கள் இதுக்கு ஆரையும் ஏசத் தேவையில்லை."

மடியில் இருந்த கோப்பையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ரஹீமா முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். கறுப்புக் கண்ணாடி. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள்.

"ஆரது?"

"நான்தான். திரேசா."

உள்ளே யாரோ கோப்பைகளை அடுக்குகிற சத்தம்.

"எந்தத் திரேசா? கோப்பையைக் கவுத்து வைச்சிட்டுப் போனவவோ?"

"ஓம். அவதான்."

"இரி. நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு. ஏசுறதெண்டா இப்ப ஏசிப்போடு. பிறகு நான் நிம்மதியாத் திண்ணோணும்."

இருந்தேன். வழி முழுக்க அடுக்கி வைத்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. "பாசி மச்சமில்லையாம்," என்றேன்.

"அல்லாஹ்! இதைச் சொல்லவோ ஐம்பது வருசம் கழிச்சு வந்தனீ? இதை நான் அண்டைக்கே சொன்னனான்!"

"நீ செடியெண்டு சொன்னனீ. அதுவும் பிழை. செடியுமில்லையாம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் பால் படர்ந்திருந்தது. "தோத்தாலும் ஒரு நூல் விடமாட்டாய்," என்றாள்.

துணியை அவிழ்த்து, அவள் கையைப் பிடித்துக் கோப்பைக்குள் வைத்தேன். விரலால் பாசியை அளைந்தாள். முகர்ந்தாள்.

"நல்லா அலசியிருக்கிறாய்."

"ரஹீமா, நீங்கள் போன அண்டைக்கு நான் வேலிக்குள்ளை நிண்டனான்."

"தெரியும்."

"தெரியுமோ?"

"உன்ர சீலைக் கரை தெரிஞ்சது. பச்சைச் சீலை. அதைப் பாத்துக்கொண்டுதான் நடந்தனான். கூப்பிடுவாய் கூப்பிடுவாய் எண்டு வேலி முடியுமட்டும் மெதுவா நடந்தனான்."

அவள் கையை விடாமல் பிடித்திருந்தேன். எங்கள் இரண்டு பேரின் தோலும் ஒரே மாதிரிச் சுருங்கியிருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவள் பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்துத் தண்ணீர் குடித்தாள். உள்ளேயிருந்து சின்னக் கோப்பைகளில் பலகாரம் வந்தது. அதில் ஒன்று தொட்டால் நடுங்கியது.

"உங்களுக்குத் தபசு காலமெல்லோ? திண்ணலாமோ?" என்று கேட்டாள். குரலில் குறும்பு.

"திண்ணலாம்," என்றேன். தின்றேன்.

புறப்படும்போது என் கோப்பையைக் கையில் எடுத்து, கவிழ்ப்பது போல ஒரு பாவனை காட்டினாள். பிறகு உள்ளே அனுப்பிச் சீனி போடுவித்துத் தந்தாள்.

"நீ கிழமைப் பேப்பரிலை எழுதுறியாம். என்ர பேர்த்தி வாசிச்சுக் காட்டுறவள். இதையும் எழுதுவாய், எனக்குத் தெரியும். எழுது. ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் அனுப்போணும். நான் ஓமெண்டாத்தான் அனுப்போணும்."

என் வாழ்நாளில் ஒருவருக்கும் நான் அப்படி ஒரு அதிகாரம் கொடுத்ததில்லை. கொடுத்தேன்.

எழுதி முடித்துவிட்டேன். மூன்று நாள் எடுத்தது. டிலானி பக்கத்தில் இருக்கிறாள். போனில் ரஹீமா காத்திருக்கிறாள். அவள் மூச்சு எனக்குக் கேட்கிறது. அவள் வேண்டாம் என்றால் இந்தத் தாளை மடித்து முருகைக்கல் கிணற்றுக்குள் போட்டுவிடுவேன். வேறு கதை எழுதுவேன்.

வாசி, பிள்ளை. வயதில் இருந்து தொடங்கு. உரத்து வாசி. அந்த வேலி வருகிற இடத்தில் மட்டும் அவசரப்படாதே. அவள் நடந்த அளவுக்கு மெதுவாக வாசி.